அசுவினிக்கு வேப்பெண்ணெய்: 14 மாதம் அடித்துப் பார்த்தபின்

நேற்று ஸ்ப்ரேயரை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வரும்போது லிஃப்டில் கீழ்வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். "அக்கா, எங்க மிளகாச் செடியிலயும் பச்சைப் பச்சையா பேன் ஏறியிருக்கு. நீங்க அடிக்கிற அந்த வேப்பெண்ணெயையே நானும் வாங்கிடவா?" என்று கேட்டாள். வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் செடிகள் எல்லாம் உள்ளேதான். சமையலறையின் கிழக்கு ஜன்னலில் இரண்டு மிளகாய், ஒரு புதினா. கூடத்தில் ஒரு பீஸ் லில்லி. அவள் சொன்ன அந்தப் பச்சைப் பேன்தான் அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அது வந்திருப்பதை நான் முதலில் செடியில் பார்க்கவில்லை, ஜன்னலுக்குக் கீழே உள்ள கிரானைட் மேடையில்தான் பார்த்தேன். துடைத்த மறுநாளே பிசுபிசுவென்று சின்னச் சின்னப் புள்ளிகள். வெல்லப்பாகு தெறித்திருக்கும் என்று நினைத்து இரண்டு வாரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் சட்டத்தின் ஓரமாக எறும்புகள் வரிசையாக மிளகாய்த் தொட்டிக்கு ஏறுவதைப் பார்த்த பிறகுதான் நுனிக் கொழுந்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. இலையின் அடிப்பக்கம் முழுக்க இருந்தன. கடுகைவிடச் சின்னதாக, பேரிக்காய் வடிவத்தில். நடுநடுவே பொடுகு உதிர்ந்ததுபோல் வெள்ளைத் தோல்கள். அவை வளரும்போது உரித்துப் போடுகிற சட்டைகள். மேடையில் இருந்த பிசுக்கு, அவை சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் தேன்கழிவு. எறும்பு வந்ததே அதற்குத்தான். அந்தத் தேனுக்காக அசுவினியைக் காவல் காக்கும். அதைத் தின்ன வரும் பொறிவண்டைக்கூட விரட்டும்.

இலை சுருண்டிருந்தால் எல்லாம் அசுவினி என்று நினைத்துவிட வேண்டாம். மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் (மைட்). கொழுந்தில் பூச்சி கண்ணுக்குத் தெரிந்து, கையில் பிசுக்கும் ஒட்டினால்தான் அசுவினி.

வாங்கியது குளிர்முறையில் ஆட்டிய 250 மில்லி பாட்டில். லேபிளில் அசாடிராக்டின் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) என்று போட்டிருந்தது. இந்த அளவைப் பார்த்து வாங்குவது முக்கியம். விளக்குக்கு விற்கும் வேப்பெண்ணெயில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். அதிலும் எண்ணெயின் பிசுக்கு பூச்சியை மூடி மூச்சுத் திணற வைக்கும், ஆனால் அசாடிராக்டின் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பூச்சியைத் தின்னவிடாமலும் சட்டை உரித்து வளரவிடாமலும் செய்வது அதுதான்.

எண்ணெயின் தரத்தைக் குறை சொல்லவே மாட்டேன். சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் உடனே செய்யவில்லை. இன்று அடித்தால் நாளைக் காலையில் எல்லாம் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிவராது. முதல் வாரம் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்து நாளுக்கு ஒரு முறை என்று நான்காவது முறை அடித்த பிறகுதான் புதுக்கொழுந்து நேராக வந்தது. இரண்டு செடிகளும் பிழைத்து, தை முழுக்கக் காய்த்தன. வாடை இரண்டு நாள் நிற்கும். எனக்கு அது ஒரு பொருட்டில்லை.

என் கோபமெல்லாம் லேபிளில் இருந்த ஒரே ஒரு வரியின்மேல்தான்: "தண்ணீரில் கலந்து தெளிக்கவும்." எண்ணெய் தண்ணீரில் எப்படிக் கலக்கும்? சோப்பு வேண்டும் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? முதல் முறை அப்படியே ஊற்றிக் குலுக்கி அடித்தேன். முதலில் வந்தது வெறும் தண்ணீர், கடைசியில் வந்தது வெறும் எண்ணெய். எண்ணெய் பட்ட இலைகள் மறுநாள் வெயிலில் ஓரம் கருகிச் சுருண்டன. அந்த மூன்று கிளைகளை வெட்டிப் போட வேண்டியதாயிற்று.

சரி, காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கினேன். அங்கே ஆரம்பித்ததுதான் இந்த 14 மாதத் தொல்லை. தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்பில் வருவது போர் தண்ணீர், நல்ல உப்பு. அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்தால் கசடாகத் திரியும். துணி துவைக்கும்போது நுரை வராமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே கசடு. திரிந்துபோன சோப்புக்கு எண்ணெயைப் பிடித்துவைக்கும் சக்தி கிடையாது. எண்ணெய் மறுபடி மேலே மிதக்கும், கசடு போய் நாசிலை அடைக்கும். இரண்டு முறை அழுத்தினால் மூன்றாவது முறை வராது. பழைய ஸ்டவ் பின்னை வைத்துக் குத்திக் குத்தி நாசில் ஓட்டையே கோணலாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, திரும்ப மாட்டி, பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகும்.

குடிக்கிற கேன் தண்ணீருக்கு மாறியதும் பாதித் தொல்லை போயிற்று. ஒரு சின்னக் கிண்ணத்தில் 5 மில்லி எண்ணெயும் 2 மில்லி திரவ சோப்பும் விட்டுப் பால் நிறமாகும்வரை அடித்துவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். மேலே மஞ்சள் வட்டங்கள் மிதந்தால் அடிக்கவே கூடாது. புதுச் செடி என்றால் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடியில்தான் அடிக்க வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரமே சிதைந்துவிடும். கலந்ததை மிச்சம் வைத்து மறுநாள் அடிக்கவும் கூடாது. மார்கழிக் காலையில் எண்ணெயே பாட்டிலில் கெட்டியாகிவிடும், வெந்நீரில் நிறுத்தி எடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் போன வாரம் பம்ப் பிடிக்கவே இல்லை. கடைக்காரத் தம்பி கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் ஊறிய பட்டாணிபோல் உப்பியிருந்தது. "எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிடும்க்கா" என்றார். வேறு வாஷர் போட்டு 40 ரூபாய் வாங்கினார். நாற்பது ரூபாய் பெரிதில்லை. இது எதையுமே எண்ணெய் விற்பவரும் சொல்லவில்லை, ஸ்ப்ரேயர் விற்பவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஸ்ப்ரேயர் கடையில் கிடந்த அந்த ஒரு வாரத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மிளகாயில் மறுபடி அசுவினி ஏறியிருந்தது. கையில் தெளிப்பான் இல்லை. தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், மண்ணின்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றித் தண்டோடு கட்டி, செடியைச் சாய்த்துப் பிடித்து, ஹெல்த் ஃபாசெட்டால் இலையின் அடிப்பக்கமாக அடித்தேன். கொழுந்தை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். பச்சைப் புள்ளிகளாகத் தரையில் ஓடின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அசுவினி ஊசிபோன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு உறிஞ்சுவது. பிய்த்துத் தள்ளினால் பெரும்பாலானவற்றுக்குத் திரும்ப ஏறத் தெம்பு இருக்காது. உப்புத் தண்ணீரானாலும் இதற்குப் பரவாயில்லை. அடைக்க ஒன்றுமில்லை, கலக்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம்.

அன்றைக்கு மிஞ்சியிருந்த ஒன்றைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அது குட்டி போட்டது. முட்டை இல்லை, குட்டி. பின்பக்கம் முதலில் வந்தது, கால்கள் கடைசியில் பிரிந்து அசைந்தன, அப்புறம் அது தானாக இறங்கித் தாயின் பக்கத்திலேயே வாயை இறக்கி உட்கார்ந்துவிட்டது. ஆண் துணையே இல்லாமல் ஒரு நாளைக்குச் சில குட்டிகள் போடும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். ஒன்றை விட்டுவைத்தாலும் மறுபடி ஆரம்பம் என்பது அன்றுதான் எனக்கு முழுசாக உறைத்தது. எதைச் செய்தாலும் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று வாரம் விடாமல் செய்தாக வேண்டும்.

இன்னொன்று, நான் செய்த தவறு. செடி நன்றாக வரட்டும் என்று வாராவாரம் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் தழைச்சத்து அதிகம். கொழுந்து கொழுகொழுவென்று வரும், அசுவினிக்கும் அதுதான் பிடிக்கும். மாதம் ஒரு முறையாகக் குறைத்த பிறகு திரும்பத் திரும்ப ஏறுவது நன்றாகவே குறைந்திருக்கிறது. மஞ்சள் ஒட்டும் அட்டையும் மாட்டியிருக்கிறேன். அதில் இறக்கை முளைத்தவை மட்டும்தான் மாட்டும், இலையில் இருப்பவை அப்படியேதான் இருக்கும். நர்சரியில் இமிடாகுளோப்ரிட் அடிக்கச் சொன்னார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அது செடியின் உள்ளே பரவுவது. காலையில் கிள்ளிச் சட்னி அரைக்கும் புதினாவுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பாட்டிலில் இன்னும் கால் பங்கு இருக்கிறது. திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் வீரியமும் குறைந்திருக்கும். அதைத் தீர்ப்பேன். அடுத்த பாட்டில் வாங்கப் போவதில்லை. என் இரண்டு மிளகாய்ச் செடிகளையும் காப்பாற்றிய எண்ணெய்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வாங்கப் போவதில்லை. தோட்டம், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், அங்கே எல்லாச் செடியையும் தூக்கிக் கழுவ முடியாது. ஜன்னலில் நான்கு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது நல்ல வேகத்தில் வரும் தண்ணீர்தான்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு இதையே சொல்லிவிட்டேன். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், சனிக்கிழமை காலையில் தொட்டியை மேலே எடுத்துக்கொண்டு வா, தண்டோடு கட்டுவதற்கு ஒரு பழைய கவரும் கொஞ்சம் நூலும் கொண்டு வா.