காங்கயம் பக்கத்து வாசலில் ஒரு 20×80 பைனாகுலர்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வானியலுக்கான பெரிய பைனாகுலர்களைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, நாற்பது ஐம்பது பாகை வட அட்சரேகையில் வாழ்பவர்கள் எழுதியது. அவர்கள் வானத்தில் மிருகசீரிடமும் திருவாதிரையும் தெற்கே பாதி உயரத்தில் நின்று விடுகின்றன. பதினோரு பாகையில் இருக்கும் நமக்கோ அவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்துச் சாளையின் வாசலில், 2019ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 20×80 பைனாகுலர் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்ற கேள்வியைவிட, அதை எதில் மாட்டுவது, எந்தத் திசையில் திருப்புவது என்ற இரண்டு கேள்விகளே கொங்கு நாட்டுக்காரருக்கு முக்கியமானவை என்பது இத்தனை காலப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

முதலில் கருவி. இருபது மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 80 மில்லிமீட்டர். எனவே கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், நடுவயதில் அது குறைந்துவிடும் என்பதால், ஐம்பதைத் தாண்டிய எனக்கு இந்த 4 மில்லிமீட்டர் வீணாகாமல் முழுமையாகப் பயன்படுகிறது. ஒரே பார்வையில் அடங்கும் வானம் 3.2 பாகை, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. இந்த விலையில் வரும் கருவிகளில் 80 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் தடுப்புகள் ஒளியின் ஒரு பகுதியை மறைத்துவிடுவதுண்டு. கவனத்தை (ஃபோகஸை) தொலைவுக்கு வைத்துவிட்டு, கண் வைக்கும் பக்கம் ஓரடி தள்ளி ஒரு டார்ச்சைப் பிடித்து, முன்பக்கம் வெளிவரும் வெளிச்ச வட்டத்தைச் சுவரில் விழச்செய்து அளவுகோலால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். என்னுடையதில் அந்த வட்டம் 75 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதில் எனக்குக் குறையில்லை.

எடை இரண்டு கிலோவுக்கு மேல். கையில் பிடித்துப் பார்க்கலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பவேண்டியதில்லை. நாடித் துடிப்புக்கூட இருபது மடங்கு பெரிதாகித் தெரியும். கேமராவுக்கான முக்காலியில் வைத்தால் தரையில் தொலைவில் உள்ளவற்றைப் பார்க்கலாம், நிலவு கிழக்கே எழும்போது பார்க்கலாம், அதற்கு மேல் உயர்த்தினால் கண்ணைக் கண் லென்ஸுக்குக் கொண்டுபோக முக்காலியின் கால்களுக்கிடையே தலையை நுழைக்கவேண்டி வரும். இதற்குத் தீர்வு இணைகரத் தாங்கி. இரண்டு இணையான நீண்ட கைகள், ஒரு முனையில் பைனாகுலர், மறுமுனையில் எதிர் எடை; கையை ஏற்றினாலும் இறக்கினாலும் கருவி நோக்கிய விண்மீன் பார்வையிலிருந்து விலகாது. நான் பார்த்துவிட்டு எழுந்தபின் என் உயரத்தில் பாதிகூட இல்லாத பேத்தியும் அதே விண்மீனைப் பார்க்கலாம் என்பதுதான் இதன் அருமை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பைனாகுலரின் விலையைவிடத் தாங்கியின் விலை கூடிவிடும். இரும்பு வேலைக்குப் பெயர்போன நம் பக்கத்தில் அதற்கு அவசியமே இல்லை. காகிதத்தில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் படத்தை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல எதையுங்க மாட்டப் போறீங்க? பாரம் எத்தனை கிலோங்க வரும்?" என்றார். இரண்டரைக் கிலோ என்றேன். "ரெண்டரைக் கிலோவுக்கு இத்தன நீளக் கையிங்களா!" என்று சிரித்தவர், நான் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லியிருந்த நான்கு மூட்டுகளிலும் தானாகவே பழைய மோட்டார் பேரிங்குகளைப் பொருத்திக் கொடுத்தார். அலுமினியச் சதுரக் குழாய், அவர் கொடுத்த பேரிங்குகள், மண்டிக்கடையில் கழித்துப்போட்ட ஐந்து கிலோ எடைக்கல். இன்றுவரை ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. பைனாகுலருக்குச் செலவழிக்கும் தொகையில் பாதியைத் தாங்கிக்கு ஒதுக்கவேண்டும் என்று யாரேனும் சொன்னால் மிகையாகப் படலாம். நான் அதையே சொல்கிறேன்.

ஆனால் இந்தத் தாங்கியாலும் உச்சிவானச் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை. நம் அட்சரேகையில் பூசத்தின் விண்மீன்கொத்து உச்சியிலிருந்து ஒன்பது பாகைத் தொலைவில் கடக்கிறது. கார்த்திகை பதின்மூன்று பாகையில். மிருகசீரிட வேடனின் இடுப்புக்கச்சை பன்னிரண்டு பாகையில். கார்த்திகையின் ஆறு மீன்கள் இந்தக் கருவியில் பல பத்தாகப் பெருகி, நீலவெள்ளையாக ஒரே பார்வையில் அடங்குவது போன்ற காட்சி வேறு எதிலும் எனக்குக் கிட்டியதில்லை. ஆனால் அதற்காகக் கழுத்தைப் பின்னால் மடித்து ஐந்து நிமிடம் நின்றால் மறுநாள் முழுக்கத் தைலம் தேய்க்கவேண்டியிருக்கும். கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு, தலைமாட்டில் தாங்கியை நிறுத்தி, மல்லாந்து படுத்துக்கொண்டு கருவியை முகத்துக்கு மேல் இறக்கிக்கொள்வதே இதற்கு வழி. மொட்டை மாடியைவிட மண் வாசல் இதற்கு நல்லது: மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை நடுநிசி வரை விட்டுக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள் யாராவது படியேறினால் விண்மீன்கள் குதிக்கும்.

தெற்கு வானத்துக்குக் கட்டிலே தேவையில்லை. ஒரு சாதாரண நாற்காலி போதும், ஏனெனில் அங்குள்ள சிறந்த காட்சிகள் எல்லாம் நமக்கு இருபது பாகையிலிருந்து நாற்பத்தைந்து பாகை உயரத்துக்குள் நிற்கின்றன. நேராகப் பார்க்கும் பைனாகுலருக்கு அதைவிட வசதியான உயரம் வேறில்லை. எங்கள் இடத்துக்கு வடமேற்கே திருப்பூரின் வெளிச்சம் வானத்தின் கால்பகுதியை வெளுத்துவிட்டாலும், தெற்கே தாராபுரத்தைத் தாண்டினால் பழனி மலைத்தொடர் வரை பெருநகரம் எதுவும் கிடையாது. காற்றாலைகளின் உச்சியில் உள்ள சிவப்பு விளக்குகள் அடிவானத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பங்குனி இரவில் பத்து, பதினோரு மணிக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது பாகை உயரத்தில் கரீனா நெபுலா என்ற ஒளிரும் விண்முகில் வருகிறது. வெறுங்கண்ணுக்குப் பால்வழியில் சற்று அடர்ந்த ஒரு திட்டு. 20×80இல் பார்த்தால் அந்த வெளிர்ந்த ஒளியின் குறுக்கே கரிய பிளவு ஓடுவது தெரியும். பிளவை ஒட்டி, மற்ற விண்மீன்களின் வெண்மைக்கு நடுவே மங்கிய ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி நிற்கும். அதுதான் ஈட்டா கரீனே. 1843இல் அது பொங்கிப் பிரகாசித்தபோது வானத்து விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருந்துகொண்டு அவ்வளவு ஒளி! கருவியைச் சற்றுக் கிழக்கே நகர்த்தினால் என்.ஜி.சி. 3532 என்ற கொத்து பார்வைக்குள் நுழையும். ஹபிள் விண்தொலைநோக்கி 1990 மே மாதம் முதன்முதலில் படமெடுத்தது இந்தக் கொத்தின் ஒரு துண்டைத்தான். ஹபிளுக்கு அகப்பட்டது சிறு துண்டு. முழுக் கொத்தையும் சுற்றியுள்ள இருளோடு சேர்த்துக் காட்டுவதில் அகலப் பார்வை கொண்ட பைனாகுலருக்கு ஈடில்லை.

சித்திரையில் பதினோரு மணிக்கு மேல் ஒமேகா செண்டாரி. 1603இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட பாயர் இதற்கு ஒரு விண்மீனுக்கு உரிய கிரேக்க எழுத்தைக் கொடுத்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நோக்கிய எட்மண்ட் ஹாலிதான் இது தனி விண்மீன் அன்று என்று பதிவு செய்தார். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் அடங்கிய கோளகக் கொத்து. நமக்கு முப்பத்தொரு பாகை உயரம் வரை ஏறுகிறது, லண்டனில் இருப்பவருக்கு அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. கோடை மழை பெய்து தூசி அடங்கிய இரவில் பார்க்கவேண்டும். முதலில் உருண்டையான ஒரு பனிப்படலம் தெரியும். கண்ணை நேராக வைக்காமல் ஓரத்தால் பார்த்துக்கொண்டே இருந்தால், சலித்த ரவையைக் கறுப்புத் துணியில் கொட்டியதைப் போல அதன் விளிம்பு பொடிப்பொடியாகப் பிரியத் தொடங்கும். 25×100 கருவியில் இன்னும் நன்றாகப் பிரியும் என்பது உண்மையே. ஆனால் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட அந்தக் கருவியைத் தாங்க என் தாங்கியின் கை போதாது.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைக்கப்பட்டதற்கும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்து தென்வானத்தையும் எட்டலாம் என்பது ஒரு காரணம். தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சலுகை உண்டு.

பங்குனியில் விடியற்காலை எழ முடிந்தால் விருச்சிகத்தின் வால் அருகே எம் 7, எம் 6 ஆகிய இரண்டு கொத்துகளையும் பார்த்துவிடலாம். இரண்டும் ஏறத்தாழ நான்கு பாகை இடைவெளியில் இருப்பதால் ஒரே பார்வைக்குள் அடங்கா. உருப்பெருக்கம் குறைந்து பார்வை அகன்ற 15×70 வைத்திருப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் நம்மை முந்திவிடுகிறார்கள்.

கோள்களைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்கக்கூடாது. வியாழனின் நான்கு நிலாக்கள் தெளிவாகத் தெரியும், அதன் பட்டைகள் தெரியா. சனி சற்று நீண்ட முட்டை வடிவில் இருக்கும். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நெருங்கியதையும், 2025 செப்டம்பர் 7 இரவின் முழுச் சந்திர கிரகணத்தையும் காட்டியதில் இந்தக் கருவி தன் விலைக்கு மேலேயே உழைத்துவிட்டது. செம்பு நிறமேறிய நிலவை இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது அது தட்டாக அல்லாமல் உருண்டையாகத் தொங்குவது தெரியும். ஒற்றைக் கண் தொலைநோக்கியில் அந்த உணர்வு வருவதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியே கங்கண சூரிய கிரகணம் கடந்தபோது, சூரிய வடிகட்டித் தாளை அட்டை வளையத்தில் ஒட்டி இரண்டு முன் லென்ஸ்களையும் மூடிப் பார்த்தோம். வடிகட்டி முன்பக்கம்தான் இருக்கவேண்டும். கண்பக்கம் கறுப்புக் கண்ணாடியோ எக்ஸ்ரே தாளோ வைத்துச் சூரியனைப் பார்ப்பது பார்வையைப் பறித்துவிடும்.

பருவங்களில், தையிலிருந்து சித்திரை வரைதான் நம் பக்கத்தில் உண்மையான பார்வைக் காலம். ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மாதங்கள். அம்மியே பறக்கும் காற்றில் ஆறடி நீளக் கை எப்படி நிற்கும்? மேகமும் சேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இடைவெளி கிடைத்தால் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், ஆனால் அதை நம்பித் திட்டமிட முடியாது. மார்கழி, தை இரவுகளில் பனி இறங்கும். யோகா விரிப்பை வெட்டிக் குழல்களின் முன்பக்கம் சுற்றிவிட்டால் லென்ஸ் நனைவது இரண்டு மணி நேரமாவது தள்ளிப்போகும். நனைந்துவிட்டால் துடைக்கக்கூடாது, அப்படியே காயவிட்டு, பிறகே மூடியைப் போடவேண்டும். பனியோடு மூடி வைத்தால் பூஞ்சைக்குத் தானாகவே இடம் கொடுத்துவிடுவோம்.

ஆறாண்டில் கருவியில் நேர்ந்தவற்றையும் சொல்லவேண்டும். வந்திறங்கிய பெட்டியிலேயே இரண்டு குழல்களின் அச்சும் ஒத்திருக்கவில்லை. ஒரு விண்மீன் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தது. விற்ற கடை, கண்ணுக்குப் பழகிவிடும் என்று எழுதிக் கைகழுவியது. கண்ணுக்குப் பழகாது, தலைவலிதான் வரும். ரப்பர் உறையின் ஓரத்தைத் தூக்கினால் அடியில் முப்பட்டகங்களை நகர்த்தும் சிறு திருகுகள் இருக்கின்றன; பிரகாசமான விண்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, மூன்று இரவுகளில் சரிசெய்ய முடிந்தது. அதன்பின் கருவியை எங்கும் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் நிலைத்து நிற்கிறது. நான்காம் கோடையில் ரப்பர் உறை பிசுபிசுக்கத் தொடங்கியது, கண்வளையங்களில் ஒன்று வெடித்தது. இரண்டு கண் லென்ஸ்களையும் சேர்த்து நகர்த்தும் நடுப்பாலம் தொடக்கத்திலிருந்தே சற்று ஆடுகிறது; முகத்தை அழுத்தினால் ஒரு பக்கம் கவனம் கலையும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே கவனம் வைக்கும் கருவிகளில் இந்தத் தொல்லை கிடையாது. விண்மீன்களுக்கு ஒருமுறை வைத்தால் போதும் என்பதால் வானியலுக்கு அதுவே சரியான அமைப்பு. இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். லென்ஸில் இதுவரை பூஞ்சை இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், நிறம் மாறும்போதெல்லாம் சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடும் சிலிக்கா ஜெல்லும்தான் காரணம்.

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவனத்தைத் திருப்பினால் போதும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்கவேண்டும். அவர்கள் வாங்குமுன் கண் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு விலகி இருக்கலாம் என்ற அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். நாற்பத்தைந்து அல்லது தொண்ணூறு பாகை சாய்ந்த கண் லென்ஸ் உள்ள பைனாகுலர்களும் கிடைக்கின்றன. உச்சிவானச் சிக்கலை அவை ஒரேயடியாகத் தீர்க்கின்றன, விலையோ பல மடங்கு. கார்த்திகையையும் பூசத்தையும் மட்டுமே நோக்க நினைப்பவருக்கு அது தகும். என் பார்வை நேரத்தில் பெரும்பகுதி தெற்கே கழிவதால், அந்தப் பணத்துக்கு நான் கயிற்றுக் கட்டிலோடே இருந்துகொள்கிறேன். கட்டிலுக்குக் கயிறு மாற்றத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.