சீனாவின் சின்ன நூடுல்ஸ் கடைகள்: லான்சோவா, சோங்கிங்கா, ஷான்சியா?

சீன நகரம் ஒன்றில் பசியோடு தெருவில் இறங்கினால் பெரும்பாலும் முதலில் எதிர்ப்படுவது சின்ன நூடுல்ஸ் கடைதான். ஆறேழு மேசை, சுவரில் விலைப்பட்டியல், ஆவி பறக்கும் அண்டா. பரிமாற ஆள் கிடையாது. வந்தவர்கள் மளமளவென்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அலங்காரத்தில் மிச்சம் பிடித்த காசையும் உழைப்பையும் ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒவ்வொன்றில் கொட்டுகிறார்கள். லான்சோக்காரர் மாவில், சோங்கிங்காரர் மசாலாவில், ஷான்சிக்காரர் கத்தியில். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? என் ஓட்டு லான்சோவுக்கு. அது எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லான்சோ, வடமேற்கே கான்சு மாகாணத்தின் தலைநகரம். மஞ்சள் ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அந்த ஊர் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ஹுய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த மா பாவ்சி என்றும், அது 1915-இல் நடந்தது என்றும் அங்கே சொல்வார்கள். நல்ல கிண்ணத்துக்கு ஐந்து அடையாளம் வைத்திருக்கிறார்கள்: சூப் தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, கொத்தமல்லியும் பூண்டுத்தாளும் பச்சையாக, நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும். அந்த மஞ்சளுக்குக் காரணம் முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சாம்பலால் வருவது. வறண்ட நிலத்துச் செடி ஒன்றை எரித்துக் கிடைக்கும் சாம்பலை முன்பு மாவில் கரைத்துச் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் அதற்கு ஈடான பொடி. சமையல் சோடா போன்ற தன்மை கொண்ட இந்தச் சாம்பல்தான் கோதுமைப் புரதத்தைப் பதப்படுத்தி, மாவு அறுந்துபோகாமல் நீள வழி செய்கிறது.

அப்புறம் இழுப்பது. மாவுத் திரியை இரண்டு கையாலும் நீட்டி, மடித்து, மறுபடி நீட்டுவார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் இழை இரட்டிப்பாகும். எட்டாவது மடிப்பில் 256 இழை. நம் ஊர் பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கைவேகத்தின் அருமை உடனே தெரியும். பருமனைத் தீர்மானிப்பது நீங்கள்தான். தலைமுடி போன்ற மாவ்சி, அதைவிடக் கொஞ்சம் தடித்த சி, இன்னும் தடித்த எர்சி, தட்டையான ஜியூயே, இடுப்புவார் அகலத்துக்கு வரும் தாகுவான், மூன்று விளிம்போடு முக்கோணமாக ஒன்று என்று வரிசை நீளும். கல்லாவில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஜன்னலில் நீட்டிப் பருமனைச் சொன்னால், அதன் பிறகுதான் உங்கள் மாவு பலகையில் அடி வாங்க ஆரம்பிக்கும். சன்ன இழை கொதிநீரில் விழுந்த வேகத்தில் வெந்துவிடும். கிண்ணத்தை நீங்களேதான் மேசைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

லான்சோவில் இது முதலில் காலை உணவு. மதியத்துக்கு மேல் மூடிவிடும் கடைகளும் உண்டு, அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். அந்த ஊர் மக்களின் வாழ்க்கையில் இந்தக் கிண்ணத்துக்கு என்ன இடம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2007-இல் விலை ஏறியபோது நகர நிர்வாகமே தலையிட்டு, ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது.

மற்ற ஊர்களில் 'லான்சோ லாமியன்' (லாமியன் என்றால் இழுத்த நூடுல்ஸ்) என்ற பலகையோடு இருக்கும் கடைகள் வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதியிலிருந்து வந்தவர்கள். லான்சோ ஆட்கள் இதைத் தங்கள் ஊர் நூடுல்ஸ் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், சூப் வெறும் தண்ணீர் என்பார்கள். சூப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாவு அங்கேயும் கண்ணெதிரே, கேட்ட பிறகுதான் இழுக்கப்படுகிறது. வறுத்த நூடுல்ஸ், சோறு என்று சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருப்பதால் மொழி தெரியாதவரும் விரலைக் காட்டிச் சாப்பிட்டுவிடலாம். யிவூ, குவாங்சோ சந்தைகளுக்குச் சரக்கு வாங்கப் போகிற நம் வியாபாரிகளுக்கு இது சின்ன வசதி இல்லை.

சரி, சோங்கிங். யாங்சி ஆற்றங்கரையில் மேடும் படியுமாக ஏறி இறங்கும் மலைநகரம். அங்கே சியாவ்மியன் என்கிற அந்த ஊர்க் கார நூடுல்ஸை விற்கும் கடைக்காரர் மாவை இழுப்பதில்லை. இயந்திரத்தில் போட்ட வேகாத நூடுல்ஸை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறார். அவர் கவனம் முழுக்கக் கிண்ணத்தின் அடியில்தான். வரிசையாகக் கிண்ணங்களை அடுக்கி சோயா, பூண்டு நீர், இஞ்சி நீர், மிளகாய் எண்ணெய், சிச்சுவான் மிளகுத்தூள், எள் விழுது, பன்றிக் கொழுப்பு, நறுக்கிய ஊறுகாய்க் கீரை, வறுத்த நிலக்கடலை, வெங்காயத்தாள் என்று மளமளவென்று போட்டுக்கொண்டே போவார். வெந்த நூடுல்ஸும் கீரையும் அதன் மேல் விழும். கோடையில் வள்ளைக்கீரை கிடைக்கும். கிண்ணத்தை வாங்கியதும் அடிவரை கிளறாமல் வாயில் வைத்தால் பாதி ருசி போய்விடும்.

சிச்சுவான் மிளகு நம் மிளகுக்குச் சொந்தமே இல்லை. அது எலுமிச்சைக் குடும்பம். நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். காரம் நமக்குப் பழக்கம், அதனால் சோங்கிங் கிண்ணத்தைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உதடும் நாக்கும் மரத்துப்போகிற அந்த உணர்வு நம் சமையலில் இல்லாதது. முதல் தடவை மரப்பைக் குறைத்துப் போடச் சொல்வது நல்லது. அளவு எடைக் கணக்கு: ஒரு லியாங் என்றால் 50 கிராம், இரண்டு லியாங் சாதாரணப் பசிக்குப் போதும். சூப் வேண்டாம், பிரட்டினாற்போல் வேண்டும் என்றால் 'கான்லியு' என்று சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் மேல். உட்காருவது நடைபாதையில்: குட்டையான பிளாஸ்டிக் முக்காலியில் நீங்கள், உயரமான முக்காலியில் கிண்ணம்.

வடக்கே ஷான்சி மாகாணத்தின் கத்தி நூடுல்ஸ் மூன்றாவது. தாத்துங் நகரம் இதற்குப் பேர்போனது. தண்ணீர் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்த மாவுக்கட்டியை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, வளைந்த தகட்டுக் கத்தியால் சீவிச் சீவிக் கொதிக்கும் அண்டாவுக்குள் விழ வைப்பார்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. கடித்துத் தின்ன வேண்டிய நூடுல்ஸ். அந்த மாகாணத்தின் முதிர்ந்த வினிகர் மேசையில் இருக்கும், தாராளமாக ஊற்றிக்கொள்ள வேண்டும். பார்க்க அருமையான வித்தைதான். ஆனால் பாதிக் கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, மேலே ஊற்றும் குழம்பு கடைக்குக் கடை ரொம்பவே மாறுகிறது.

இனி நம் ஆட்களுக்கு முக்கியமான விஷயம். லான்சோ கடைகள் ஹலால். பன்றி இல்லை, மதுவும் இல்லை. முஸ்லிம் நண்பர்களும், சீனாவில் மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளில் பன்றி சாப்பிடாதவர்களும் யோசிக்காமல் நுழையலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குத்தான் சிக்கல், ஏனென்றால் சூப்பே மாட்டு எலும்பில் கொதித்தது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் தீராது. ஆனால் நூடுல்ஸ் வேவது வெறும் தண்ணீரில், சூப் பிறகுதான் ஊற்றப்படுகிறது. அதனால் ஹுவாலோங்காரர் கடைகளில் சூப் இல்லாத தக்காளி முட்டை நூடுல்ஸ் கேட்டு வாங்கலாம். சட்டி பொதுதான், அதைப் பொறுக்க முடியாதவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

சோங்கிங்கின் சாதாரணக் கிண்ணத்தில் இறைச்சித் துண்டு கிடையாது, அதை நம்பி ஏமாறக் கூடாது. பன்றிக் கொழுப்புதான் அதன் மணமே, சூப்பும் பல இடங்களில் எலும்புச் சாறு. கொழுப்பில்லாமல், கான்லியுவாகக் கேட்டால் கடைக்காரர் போட்டுத் தருவார். ருசி ஒரு படி இறங்கும். முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு ஷான்சிதான் வசதி. தக்காளி முட்டைக் குழம்பு அங்கே வழக்கமான ஒன்று.

நாக்குக்கு மட்டும் என்றால் சோங்கிங் ஜெயிக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மசாலாவைப் பாட்டிலில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பிவிடலாம், அனுப்பவும் செய்கிறார்கள். நீங்கள் சொன்ன பிறகு உங்களுக்கென்று ஒருவர் மாவை இழுத்துக் கொடுப்பதை அப்படி அனுப்ப முடியாது. இவ்வளவு குறைந்த விலையில் அந்த உழைப்பு கிடைக்கும்போது அதைத்தான் நான் எடுப்பேன். முதல் தடவை போகிறவர்கள் எர்சி கேளுங்கள். மாவ்சி பார்க்க அழகு, ஆனால் சூடான சூப்பில் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். தாகுவான் சாப்ஸ்டிக் பழகாத கைக்கு வழுக்கும்.