சோறா, சுண்டலா, நூறு பாதாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் தினமும் இரவு இரண்டு கிண்ணங்கள் ஊறுகின்றன. ஒன்றில் அண்ணியின் பாதாம், எண்ணி நூறு. மற்றதில் அம்மா போட்ட கொண்டைக்கடலை. கற்கால மனிதர் சாப்பிட்டதை மட்டும் சாப்பிடச் சொல்லும் பேலியோ உணவுமுறைக்கு மாறி எட்டு மாதம் ஆன அண்ணி, அரிசி, கோதுமை, பருப்பு, பயறு எதையும் தொடுவதில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கினால்தான் சாப்பிட்ட மாதிரி. இரண்டு பேருக்கும் சர்க்கரை. “குருவிக்கும் புறாவுக்கும் ஆகிற தானியம் நமக்கு ஆகாதாம்மா?” என்று அப்பா கேட்பார். அண்ணி பதிலுக்கு ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுவார்.

மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் இருவர் தட்டையும் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது.

முதலில் அண்ணியின் பக்கம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. வாழையிலையில் ஒரு குவியல் 300 கிராம் என்றால், ஒரே வேளையில் 84 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அதை நிறுத்தினால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அண்ணியின் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 விழுக்காட்டிலிருந்து 6.7க்கு வந்தது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணி அந்த எட்டு மாதத்தில் விட்டது சோற்றை மட்டுமா? காலை மைதா ரொட்டி சானாய், மாலை இனிப்புப் பால் தேநீரான தே தாரிக், குவே பலகாரம் எல்லாவற்றையும் விட்டார். கூடவே பருப்பும் போயிற்று. இறக்கத்தின் புகழ் முழுவதும் பருப்பை விட்டதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

பருப்பு, பயறு மேல் பேலியோக்காரர்கள் வைக்கும் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பயறில் இயல்பாகவே இருக்கும் லெக்டின் என்ற புரதம். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், உண்மைதான். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நச்சு அழிந்துவிடும். மெதுவாகச் சூடேறும் மின்சாரச் சட்டியில் நேராகப் போடுவதுதான் ஆபத்து. குக்கரில் நாலு விசில் விடுகிற வீட்டில் இந்தப் பயம் வேண்டாம். இன்னொன்று, ஃபைட்டேட். இது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் குறையும். இட்லி மாவிலும் சந்தையில் வாங்கும், சோயாவைப் புளிக்கவைத்த தெம்பேயிலும் நடப்பது அதுதான். அப்புறம் முக்கியமான விஷயம்: பாதாமிலும் ஃபைட்டேட் நிறைய உண்டு. அதற்காகப் பயறைத் தள்ளிவைப்பவர்கள் பாதாமையும் தள்ளிவைக்க வேண்டும்.

நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம். அதில் 700 கலோரி, 25 கிராம் புரதம். வெந்த கொண்டைக்கடலை 200 கிராமில் 330 கலோரிக்குள்தான். புரதம் 18 கிராம், நார்ச்சத்து 15 கிராம். கடலையில் மாவுச்சத்து இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். 1981இல் டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டை வகுத்தபோதே பயறு வகைகள் கீழ்வரிசையில்தான் நின்றன. அப்பாவுக்கு நானே விரலில் குத்திப் பார்த்தேன். சோற்றுக் குவியலும் கொஞ்சம் சாம்பாருமாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 13.2 மில்லிமோல். இன்னொரு நாள் பாதிச் சோறும் ஒரு கிண்ணம் கடலைக் குழம்பும்: 9.1. ஒரு வீட்டு மீட்டரை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது, சரி. ஆனால் அன்று முதல் அம்மா சோற்றுக் கரண்டியை மாற்றிவிட்டார்.

கொட்டைகளைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில், மத்தியதரைக் கடல் பகுதி உணவோடு கொட்டைகளும் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. 2013இல் வந்த கட்டுரையில் பிழை கண்டு, திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டபோதும் அந்த முடிவு நின்றது. அங்கே கொடுத்த அளவு நாளுக்கு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. அவர்கள் பயறையும் ஒதுக்கவில்லை. நிலக்கடலை பயறு இனத்தைச் சேர்ந்தது, அதனால் பேலியோவில் அதற்கு இடமில்லை. ஆனால் 100 கிராமில் 25 கிராம் புரதம் தருகிற, பாதாமைவிட எவ்வளவோ மலிவான பொருள் அது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு சேரும், அதைத்தான் கவனிக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய கச்சாங் பூத்தேயைப் பயறுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வரகு, தினை, சிவப்பரிசி எல்லாம் நார்ச்சத்துக்கு நல்லவை. குவியல் அப்படியே இருந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது.

என்னைக் கேட்டால், சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செபாரோ தட்டுதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ, பாதி காய்கறியும் பழமும். வாழையிலைக் கடையில் உட்கார்ந்ததும் “சோறு பாதி போதும்ணே, கீரையும் பருப்பும் இன்னொரு கரண்டி” என்று சொல்லிப் பாருங்கள். தயங்காமல் போடுவார்கள்.

மருந்து எடுப்பவர்கள் மட்டும் அவசரப்படாதீர்கள். அண்ணி முதல் வாரம் மாத்திரை அளவை மாற்றாமலே சோற்றை அடியோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் காலையில் சட்டை நனைய வியர்த்து, டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மீட்டரில் 3.4, ரொம்பக் குறைவு. சீனித் தண்ணீர் கொடுத்துத்தான் நிமிர்த்தினோம். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவு பேசிவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியமும் பாஸ்பரசும் சேர்ந்துகொள்ளும் என்பதால், பயறுக்கும் பாதாமுக்கும் அளவு தனி. அதையும் கிளினிக்கில் கேட்டே முடிவு செய்யுங்கள்.