அன்கியில் ஜப்பானிய மொழி: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

அட்டைகளைக் காட்டி நினைவைச் சோதிக்கும் செயலியான அன்கியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்து உற்சாகத்தில் எழுதிவிடுகிறார்கள். நான் ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வின் அடிப்படியான என்5-ல் ஆரம்பித்து, என்3 தேறி, இப்போது என்2-க்குப் படிக்கிறேன். இத்தனை காலமும் அன்கி கூடவே இருக்கிறது. சொற்களையும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளையும் நினைவில் நிறுத்த இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒருவருக்கு மொழி வருமா வராதா என்பதை இது தீர்மானிப்பதில்லை.

புதியவர்களுக்காக: ஓர் அட்டை வரும். விடையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பி, நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்த அட்டை சில நாள், சில வாரம், சில மாதம் என்று தள்ளிப்போகும். தெரியாதது உடனே திரும்பி வரும். மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தாரே, அதுதான் அடிப்படை. 2023-ல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு அன்கிக்குள்ளேயே வந்துவிட்டது. நம் பழைய பதில்களைப் பார்த்து, நம் மறதிக்கு ஏற்ப இடைவெளி போடும். அதற்கு மாறியபின் எனக்குத் தினசரிச் சுமை கண்கூடாகக் குறைந்தது. எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்ற அமைப்பை 90-லேயே விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு 97-க்கு ஏற்றினால் அட்டைகள் குவிந்துவிடும். அப்புறம், மறந்துபோன அட்டைக்கு மனசு கேட்காமல் 'கடினம்' பொத்தானை அழுத்தாதீர்கள். சிரமப்பட்டாவது விடை சொன்னவர்களுக்குத்தான் அது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் நிலுவையைப் பார்க்கவே பயமாக இருக்கும், அதற்கு மட்டும் மருந்து கிடையாது.

இலக்கணத்துக்கு எனக்கு அன்கி தேவைப்படவே இல்லை. அந்தப் பெருமை தமிழுக்குச் சேரும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க 2,200 மணி நேர வகுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது; ஸ்பானிஷுக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். அது ஆங்கிலத்திலிருந்து கிளம்புகிறவர்களின் கணக்கு. நமக்கு வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் பழகியவை. 'தபெதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்', 'கத்தே ஒகு' என்றால் 'வாங்கி வை'. பார்ப்பதும் வைப்பதும் அங்கேயும் அப்படியே துணைவினையாக நிற்கின்றன. வகுப்பில் இது வந்த அன்று ஆசிரியர் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. (ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதாடினார், மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.) கான்ஜியில் இந்தச் சலுகையெல்லாம் செல்லாது. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். அன்கி தன் சம்பளத்தை வாங்குவது இங்கேதான்.

சரி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல், பலரிடம் ஒரே அட்டைத் தொகுப்பு. பிறகு ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம்? எங்கள் வகுப்பில் ஒரு அண்ணன் ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். அன்கியைத் தொட்டதே இல்லை, கான்ஜி படிப்பதில் எங்களுக்கெல்லாம் பின்னால். ஆனால் ஒரு பாகம் ஏன் தாமதம் என்று ஜப்பானிய மேலாளர் கேட்டால், தெரிந்த ஐம்பது வினைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காரணம் சொல்லிவிடுவார். மேலாளர் முகம் சுளித்தால் அதே விஷயத்தை வேறு விதமாகச் சொல்வார். எனக்கோ கேள்வி முழுதும் புரியும், ஒவ்வொரு சொல்லும் அட்டையில் பார்த்ததுதான், பதிலில் வினைமுற்று மட்டும் வாய்க்கு வர நேரமாகும்.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் மொழிக் கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் இதையே கவனித்தார். ஆண்டுக்கணக்கில் கேட்டதால் புரிதல் நன்றாக இருந்தது, பேச்சில் இலக்கணம் தடுமாறியது. பேசும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது பிடிபடும் என்று பின்னர் எழுதினார். திறமை, வயது, ஆர்வம் எல்லாம் உண்டுதான். ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்பதுதான் எங்கள் வகுப்பைப் பிரித்தது என்பது என் முடிவு. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால், சான்றிதழ் வைத்திருப்பவர்களிடம் இந்த ஓட்டை கடைசிவரை தெரியாமலே இருக்கலாம்.

இப்போது புதிய அட்டைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். தனிச்சொல் அட்டை போடுவதில்லை. ஒலியோடு முழு வாக்கியம், அதுவும் நான் எங்கோ கேட்டதோ படித்ததோ மட்டும். மிச்சமான நேரம் தொலைபேசியில் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறது. செலவு என்று பார்த்தால் அன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனுக்கு மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும்.