ஐம்பதுக்கு மேல் கார்விங்: ஸ்டெப்-இன் பைண்டிங்கும் அறுந்த கேபிளும்

நேற்றுத்தான் என் ஸ்னோபோர்ட் சப்பாத்தில், பின்காலுக்கான கேபிளை மாற்றி முடித்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் பேர்னில் இருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி: "அண்ணை, ஸ்டெப்-இன் பைண்டிங் இப்ப மலிவாப் போகுது, எடுக்கலாமோ?" பைண்டிங் என்பது சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பகுதி; ஸ்டெப்-இன் என்றால் மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் வகை. நண்பரும் ஐம்பதைத் தொட்டுவிட்டார். என்னைப் போலவே தொண்ணூறுகளில் சுவிஸ் பள்ளிக்கூடத்தின் பனிச்சறுக்கு முகாமில் முதன்முதலாக ஸ்னோபோர்டில் ஏறியவர். வேலை, பிள்ளைகள் என்று இடையில் விட்டுப்போய், இப்போது திரும்பவும் கார்விங் செய்ய, அதாவது பலகையின் விளிம்பால் பனியைக் கீறி வளைந்து வளைந்து இறங்க, ஆசைப்படுகிறார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

என் பலகை 168 செ.மீ. நீளம், பக்க வளைவின் ஆரை 12 மீட்டர். சப்பாத்து ஹார்ட்பூட், அதாவது கடினமான பிளாஸ்டிக் சப்பாத்து. பலகையில் பைண்டிங்கைத் திருப்பி வைத்திருக்கும் கோணம் முன்காலுக்கு 55 பாகை, பின்காலுக்கு 50. மிச்சம் எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஸ்டெப்-இன் பற்றி மட்டும் சொல்கிறேன். சப்பாத்தின் குதிகால் பகுதிக்குள் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஒவ்வொரு ஊசி இருக்கும். முன்பக்கத்தைக் கம்பிக்குள் நுழைத்துக் குதியை மிதித்தால், ஊசிகள் பைண்டிங்கின் துளைகளுக்குள் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். கழற்ற, காற்சட்டைக்கு வெளியே தொங்கும் பிடியை இழுக்க வேண்டும். பிடியிலிருந்து குதிவரை சப்பாத்துக்கு உள்ளே ஓடுகிற மெல்லிய எஃகுக் கேபிள்தான் ஊசிகளை உள்ளே இழுக்கிறது.

இதில் கிடைக்கும் சுகத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். லிஃப்டை விட்டு இறங்கியவுடன் குனியத் தேவையில்லை. லீவர் வகைப் பைண்டிங்கில் ஒவ்வொரு முறையும் முன்லீவரைக் கையால் பூட்டப் பலகை வரை குனிய வேண்டும். ஹார்ட்பூட் கணுக்காலை மடக்க விடாது என்பதால் அந்தப் பாரம் முழுக்க முதுகுக்குத்தான் போகும். ஒரு காலை நேரத்துக்குள் அதை எத்தனை தடவை செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். என் இடுப்பு வலி பாதியாகக் குறைந்ததற்கு இந்தப் பைண்டிங்தான் காரணம்.

வாங்கும்போது நினைத்துப் பார்க்காத நன்மை இன்னொன்று உண்டு. மேட்டுப் பக்கம் முகம் வைத்து நின்றபடியே மிதித்துப் பூட்ட முடிகிறது. தலை நிமிர்ந்தே இருக்கிறது, மேலிருந்து யார் வருகிறார்கள் என்று தெரிகிறது. கார்விங் செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் சரிவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம். பின்னால் நேராக இறங்கி வருபவர், நாங்கள் இந்தப் பக்கமே போய்விடுவோம் என்று நினைத்திருப்பார். பலகை வளைந்து திரும்பவும் அவருடைய பாதைக்கே வரும். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து விதிகளில் மூன்றாவது, பின்னால் வருபவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்தில்லாத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. விதிப்படி நியாயம் எங்கள் பக்கம்தான். ஆனால் ஐந்தாவது விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: நின்று மீண்டும் புறப்படுபவரும், சரிவில் மேல்நோக்கித் திரும்புபவரும் மேலும் கீழும் பார்த்துவிட்டே நகர வேண்டும். ஆழமான கார்விங் திருப்பம் ஒன்று கடைசியில் மேட்டை நோக்கித்தான் ஏறும். குதிகால் பக்க விளிம்பில் திரும்பும் திருப்பம் முடிகிற நேரத்தில் எங்கள் முதுகு மேட்டுப் பக்கம் இருக்கும், ஒன்றும் தெரியாது. தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் கால்விரல் பக்க விளிம்புக்கு மாற வேண்டும். ஐம்பதில் முறிந்த தோள்பட்டை இருபதில் பொருந்தியதுபோலப் பொருந்தாது.

சரி, கேபிள்.

பின்காலை ஒவ்வொரு லிஃப்டுக்கும் கழற்றுகிறோம். முன்காலை நாள் முடிவில்தான். ஆகவே பின்கால் கேபிள்தான் தேயும் என்பது எந்தப் பொறியியலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குதிக்குள் அது வளைகிற இடத்தில் இழை இழையாக அறுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு வரி கூட இல்லை. எனக்கு அது அறுந்தது ஃப்ளும்சர்பேர்க் பனிச்சறுக்கு மலையில், லிஃப்டின் அடியில். பிடி கையோடு வந்துவிட்டது, கால் பலகையோடு நின்றுவிட்டது. ஊசிகளை அழுத்தக் கையில் கருவி இல்லாவிட்டால், சப்பாத்தின் பக்கிள்களைத் திறந்து காலை உருவிக்கொண்டு காலுறையோடு பனியில் நிற்பதைத் தவிர வழியில்லை. உதிரிக் கேபிள் கேட்டுப் போனபோது கடையில் பதில், "வரவழைக்க வேண்டும்." பருவத்தின் நடுவில்! இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளோடு உதிரிக் கேபிள் ஒன்றைப் போட்டுத் தர இவர்களுக்கு என்ன குறை?

கேபிளைவிட எனக்குப் பயம் தருவது பாதிப் பூட்டு. குதிக்கடியில் பனி இறுகியிருந்தால் ஒரு ஊசி பாயும், மற்றது பாயாது. சத்தம் கேட்டது என்று நம்பிப் போய்விடக் கூடாது. அழுத்தமான திருப்பத்தில் ஒரு குதி விடுபட்டு மற்றக் கால் மாட்டிக்கொண்டால் முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். ஸ்கீ பைண்டிங் விழும்போது தானாகக் கழன்று விடும், எங்களுடையது கழலாது. ஆகவே ஒவ்வொரு முறையும் துளைகளைச் சுரண்டி, மிதித்து, இரண்டு ஊசிகளின் தலையும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, குதியைப் பலமாக மேலே இழுத்துப் பார்க்கிறேன்.

லீவர் வகையும் குறையில்லாதது அல்ல. அதிலும் பனி ஒட்டும், அளவு சரிசெய்யாத கம்பி தளரும். ஆனால் பழுதாகக்கூடிய எல்லாமே கண் முன்னே வெளியே கிடக்கிறது.

வயதானவர்களுக்கு இது ஏற்ற விளையாட்டா என்றும் நண்பர் கேட்டிருந்தார். நான் ஆம் என்றுதான் சொல்வேன், மனதாரச் சொல்வேன். ஆஸ்திரியாவின் கிளாவ்டியா ரீக்லர் 2015இல் ஸ்னோபோர்டில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு 41 வயது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 48 வயதில் போட்டியிட்டார். கார்விங்கில் தாவல் இல்லை, உயரத்திலிருந்து விழுவதும் இல்லை. விளிம்பு பனியைக் கீறிக்கொண்டு போகும் அந்த மெல்லிய கோட்டைத் திரும்பிப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு வயது ஒரு தடையே இல்லை. ஆனால் இரவு இயந்திரம் வாரிவிட்ட சரிவு காலையில்தான் இருக்கும். மதியத்துக்குள் மேடும் பள்ளமுமாகிவிடும், கூட்டமும் ஏறிவிடும், தொடைகளும் களைத்துவிடும். நான் அதற்கு முன்பே இறங்கிவிடுகிறேன். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, இடுப்புக்குப் பஞ்சு வைத்த உட்காற்சட்டை மூன்றும் இல்லாமல் ஏறுவதில்லை. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: ஸ்டெப்-இன் வாங்க வேண்டாம், முதல் பருவத்துக்கு லீவர் வகையே போதும். கால்கள் பலகையைத் திரும்பப் பழகும் காலத்தில், பூட்டியதா இல்லையா என்ற சந்தேகம் மனதில் இருக்கவே கூடாது. முதுகு வலித்தால் ஓட்டத்தைக் குறைக்கட்டும். நான் மாற்றப் போவதில்லை. இரண்டு உதிரிக் கேபிளும் ஒரு சின்ன ஸ்குரூட்ரைவரும் இனிப் பையிலேயே இருக்கும்.

அப்புறம், கீழ்த்தள அறையில் கிடக்கும் தொண்ணூறுகளின் ஹார்ட்பூட்டைப் போட்டுக்கொண்டு வரப் போவதாகவும் எழுதியிருந்தார். அது மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குளிரில் அழுத்தம் விழும்போது துண்டு துண்டாக வெடிக்கும். பைண்டிங்கில் மிச்சம் பிடிக்கும் பணத்தைச் சப்பாத்தில் போடட்டும். என்னுடைய பழைய லீவர் பைண்டிங் சும்மாதான் கிடக்கிறது. புதிய சப்பாத்தோடு ஃப்ளும்சர்பேர்க்கின் அடிவாரத்தில் இருக்கும் உன்டர்டெர்ட்சன் நிலையத்துக்கு வந்தால், கேபிள் காரில் ஏறுவதற்கு முன்பே அளவு பார்த்துப் பூட்டித் தருகிறேன்.