மேல் பல்செட்: சாதாரணமா, இம்ப்ளான்ட்டா?

மேல்வரிசை மொத்தமும் போனவர்களுக்குச் சாதாரண பல்செட் அண்ணத்தை முழுக்க மூடி, உறிஞ்சிப் பிடித்துத்தான் நிற்கும், அதனால் ரசம் எவ்வளவு சூடு என்பதே சில சமயம் தொண்டையில் இறங்கிய பிறகுதான் சரியாகத் தெரியும், முன்பல்லால் முறுக்கைக் கடித்தால் பின்பக்கம் தூக்கும். ஆனால் கத்தி இல்லை, செலவும் குறைவு.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் திருகு, வேறு கதை. கழற்றி மாட்டும் செட் என்றால் கீழ்த்தாடைக்கு 2 போதும் என்பார்கள். மேல்தாடை எலும்பு மென்மை, குறைந்தது 4 கேட்பார்கள். எலும்பு போதாவிட்டால் எலும்பு ஒட்டுச் சிகிச்சை வேறு. அப்புறம் இம்ப்ளான்ட் எலும்போடு பிடிக்கப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் பொறுக்கணும். பலன்? அண்ணத் தகட்டைப் பெரிதும் குறைக்கலாம், செட் 'டக்'கென்று இம்ப்ளான்ட்டில் மாட்டிக்கொள்ளும். செட்டுக்கு உள்ளே இருந்து அதைப் பிடிக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பழைய செட் ஆடாமல் நின்றால் விட்டுவிடுங்கள் என்பேன். தகடு பட்டாலே குமட்டுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், இம்ப்ளான்ட்டுக்கே போகலாம்.