பாதம் தரையைவிட்டு எழுமுன் ஒலிக்க வேண்டும்

அக்கா மகள் நெடுந்தூரம் ஓடுகிறாள். அவளுடைய ஒவ்வோர் அடியும் 'தொம்' என்று விழும். அடி பலமாக இறங்கும்போதே ஒலியால் உணர்த்த, கணைக்காலின் முன்னெலும்பின்மேல் கட்டும் சிறு பெட்டியை, காலுக்கு ஒன்றாகச் செய்தேன். உள்ளே முடுக்கத்தை அளக்கும் சென்சார். ஒலியை எங்கிருந்து எழுப்புவது என்பதில்தான் இரண்டு வழிகள்: கைப்பேசி வழியாகப் புளூடூத் இயர்போனில், அல்லது பெட்டிக்குள்ளேயே வைக்கும் பஸ்ஸர் என்ற சிறு ஒலிப்பானில்.

இயர்போனில் ஒலி இனிமையானது. அதிர்ச்சி கூடக்கூடச் சுருதியை ஏற்றலாம், பாட்டும் கேட்கலாம். பஸ்ஸருக்குத் தெரிந்தது 'கீச்' மட்டுமே. ஆனாலும் நான் பஸ்ஸர் பக்கம்தான். காரணம் தாமதம்.

நிமிடத்துக்கு 170 அடி வைத்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே சுமார் 0.35 வினாடிதான். நிதான ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய கால் வினாடி. புளூடூத் ஒலியோ பெரும்பாலும் 0.15 முதல் 0.25 வினாடி வரை பிந்துகிறது. கைப்பேசி கணக்கிடும் நேரம் வேறு. இடக்காலின் தவறுக்கு வலக்கால் இறங்கும் வேளையில் ஒலி வருகிறது. "மாமா, எந்தக் காலைச் சொல்கிறது?" என்று அவள் முதல் நாளே கேட்டாள். பஸ்ஸருக்கு மாற்றிய பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. இடக்காலுக்குத் தாழ்ந்த சுருதி, வலக்காலுக்கு உயர்ந்தது.

எலும்புவழி ஒலி கடத்தும் இயர்போன் காதை மூடாது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் மணி கேட்கும். ஆனால் அதுவும் புளூடூத்தில்தானே இயங்குகிறது!

பஸ்ஸரின் தொல்லை வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி ஓடினாலே பட்டை நனைந்து, ஒலித்துளை வழியே உப்புநீர் இறங்கிவிடுகிறது. துளையை டேப்பால் மூடினேன், ஒலி மங்கியது. பிறகு துளையையே விட்டுவிட்டு, மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் வாங்கிய, மின்சாரம் கொடுத்தால் அதிரும் மெல்லிய பீசோ தகட்டைப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டினேன். இப்போது சுவரே அதிர்ந்து ஒலிக்கிறது.

ஒவ்வோர் அடிக்கும் ஒலித்துக்கொண்டே இருந்தால் கால் கற்காது, காது மட்டுமே பழகும். அதனால் இரண்டு வாரத்துக்குப் பின், ஒரு நிமிடம் ஒலி, ஒரு நிமிடம் மௌனம் என்று வைத்திருக்கிறேன்.

விரைவோட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பாதம் தரையில் இருப்பதே 0.1 வினாடியளவுதான். கூட்டமான ஓடுதடத்திலும் நாங்கள் சோதித்ததில்லை. சோதனைக்கு ஓடியதெல்லாம் விடியற்காலையில், பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி.